கீலைத் தளர்த்தாமல் ஒட்டுவதில் பயனில்லை

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். மடிக்கணினியின் கீல் உடைந்தால் கடைக்குப் போகத் தேவையில்லை, வீட்டிலேயே பசை போட்டு ஒட்டிக்கொள்ளலாம் என்று ஒரு வாசகர் உங்கள் நாளிதழில் எழுதியிருந்தார். அதற்கு மறுப்பாக, பழகாதவர்கள் மடிக்கணினியைத் திறக்கவே கூடாது என்று பழுதுபார்க்கும் தொழிலில் இருக்கும் இன்னொருவர் எழுதினார். இரண்டு கடிதங்களையும் கவனமாகப் படித்தேன். இருவரும் தங்கள் அனுபவத்தை உள்ளபடியே எழுதியிருக்கிறார்கள் என்பதில் எனக்கு ஐயமில்லை. ஆனால் கீல் ஏன் உடைந்தது என்ற கேள்வியை இருவருமே தொடவில்லை. அதற்கு விடை தெரியாமல் வீட்டில் ஒட்டினாலும் சரி, கடையில் புதுப் பாகம் மாட்டினாலும் சரி, அதே இடம் மறுபடியும் பெயர்ந்துவிடும்.

நான் பொறிவரைபடம் கற்பித்து ஓய்வு பெற்றவள். கதவுக் கீல் முதல் கிரேனின் கொக்கி வரை எந்தப் பொருளில் எந்த இடத்தில் விசை போய்ச் சேருகிறது என்று மாணவர்களுக்கு வரைந்து காட்டுவதே என் வேலையாக இருந்தது. என் தங்கை மகளின் மடிக்கணினியைப் பிரித்துப் பார்த்த பிறகு, தெரிந்தவர்கள் பலர் தங்களுடையதையும் கொண்டுவந்து என்னிடம் காட்டினார்கள். அவற்றில் பெரும்பாலானவற்றில் கீல் உடைந்திருக்கவில்லை. கீல் எஃகு, அது அவ்வளவு எளிதில் உடையாது. உடைந்திருந்தது கீலைப் பிடித்திருந்த பிளாஸ்டிக்.

உள்ளே இருக்கும் அமைப்பைச் சொல்கிறேன். கீலின் ஒரு கை திரையின் பின்மூடியிலும், இன்னொரு கை விசைப்பலகை பதிந்திருக்கும் மேற்சட்டத்திலும் திருகுகளால் இறுக்கப்பட்டிருக்கும். அந்தத் திருகுகள் நேரடியாகப் பிளாஸ்டிக்கில் இறங்குவதில்லை. பிளாஸ்டிக்கிலேயே வார்த்த சின்னச் சின்னக் குமிழ்கள் இருக்கும். ஒவ்வொரு குமிழுக்குள்ளும் மரை வெட்டிய பித்தளை உருளை ஒன்றைப் பதித்திருப்பார்கள். சட்டைப் பொத்தானின் துளையை விடச் சற்றே பெரிய உருளை, அவ்வளவுதான். திரையின் முழுப் பாரமும், நாம் தினமும் திறந்து மூடும் விசையும் இந்த நான்கைந்து உருளைகள் வழியாகத்தான் உடலுக்கு இறங்குகின்றன.

இங்கே ஒரு சிறு கணக்கு. திரையின் மேல் விளிம்பு கீலிலிருந்து ஏறக்குறைய 20 சென்டிமீட்டர் தள்ளி இருக்கிறது. கீலின் கையைப் பிடித்திருக்கும் திருகுகள் 2 அல்லது 3 சென்டிமீட்டருக்குள் அடங்கிவிடுகின்றன. நெம்புகோல் விதிப்படி, விளிம்பில் நம் விரல் கொடுக்கும் விசை திருகுகளை அடையும்போது ஏழு முதல் பத்து மடங்காகிவிடுகிறது. இரண்டு கீல்களும் சமமாக வாங்கிக்கொண்டால் அதில் பாதி ஒவ்வொன்றுக்கும். நாம் ஒரு மூலையைப் பிடித்துத் திறந்தால் பெரும்பங்கு அந்தப் பக்கத்துக் கீலின் மேலேயே விழுகிறது. திறக்கும்போது ஒரு திசையில், மூடும்போது எதிர்த்திசையில். பித்தளை உருளையைச் சூடாக்கிப் பதிக்கும்போதே அதைச் சுற்றியுள்ள பிளாஸ்டிக் ஓரளவு இறுகிய நிலையில்தான் குளிர்கிறது. அந்த இடத்தில் முன்னும் பின்னும் மாறி மாறி விசை விழுந்தால் மயிரிழை விரிசல் தோன்றும். அது மெல்ல மெல்லச் சுற்றி வந்து, ஒரு நாள் குமிழ் அடியோடு பெயரும். "ஒன்றுமே செய்யவில்லை, திறந்தேன், டக்கென்று சத்தம் வந்தது" என்று எல்லோரும் சொல்வது முழு உண்மை. அவர்கள் எதுவும் செய்யவில்லைதான்.

இப்போது நான் சொல்ல வந்த விஷயத்துக்கு வருகிறேன். மடிக்கணினித் திரை எந்தக் கோணத்தில் விட்டாலும் அங்கேயே நிற்பதற்குக் காரணம், கீலுக்குள் வேண்டுமென்றே வைத்திருக்கும் உராய்வு. தண்டின் மேல் வட்டத் தகடுகளை அடுக்கி ஒரு நட்டால் இறுக்கியிருப்பார்கள். அல்லது தண்டைச் சுற்றி எஃகுப் பட்டையைச் சுருட்டியிருப்பார்கள். நடுவில் கொஞ்சம் கிரீஸ் இருக்கும். ஆண்டுகள் போகப் போக அந்த கிரீஸ் காய்கிறது, அல்லது பிதுங்கி வெளியே வந்துவிடுகிறது. தேய்ந்த உலோகத் துகள் அதில் சேருகிறது. கீல் இறுகுகிறது. புதிதாக வாங்கியபோது ஒரு விரலால் திறந்த மூடிக்கு இப்போது ஒரு கையால் கீழ்ப்பகுதியைப் பிடித்துக்கொண்டு மறுகையால் திறக்க வேண்டியிருக்கிறது. மாற்றம் சிறிது சிறிதாக வருவதால் யாரும் கவனிப்பதில்லை. இறுகிய கீலைத் திருப்ப நாம் கூடுதலாகக் கொடுக்கும் விசை முழுவதும் அந்தப் பித்தளை உருளைகளின் மேல்தான் இறங்குகிறது.

ஆக, இறுகிய கீல்தான் நோய். பெயர்ந்த பிளாஸ்டிக் அதன் விளைவு. பசை போடும் வாசகரும் புதுப் பாகம் மாட்டும் கடைக்காரரும் விளைவைச் சரிசெய்துவிட்டு நோயை உள்ளேயே விட்டு மூடுகிறார்கள். புத்தம் புதிய சட்டத்தை அதே இறுகிய கீலோடு சேர்த்து மாட்டினால், அதே மூலையில் அதே குமிழ் மறுபடியும் பெயரும். எனக்குத் தெரிந்த ஒரு கணக்காளருக்கு இதுதான் நடந்தது. கடையில் சட்டத்தை மாற்றி வாங்கி வந்தார். அடுத்த ஆண்டே அதே இடது மூலை பிளந்தது. கடையின் பெயரை எழுத விரும்பவில்லை. அவர்கள் மாட்டிய பாகத்தில் குறை எதுவும் இல்லை. கீலின் இறுக்கத்தை யாரும் பார்க்கவில்லை என்பதுதான் குறை.

முதலில் அறிகுறிகள். மூடியைத் திறக்கும்போது மூலையில் மேற்சட்டத்துக்கும் அடிமூடிக்கும் நடுவே நகம் நுழையும் அளவு இடைவெளி விரிகிறதா? திரையைச் சுற்றியுள்ள சட்டம் கீலுக்குப் பக்கத்தில் கழன்று நிற்கிறதா? கிறீச்சென்றோ டக்கென்றோ ஒலி வருகிறதா? இவற்றில் ஒன்று தெரிந்தாலும் அந்த நொடியிலிருந்து மூடியைத் திறந்து மூடுவதை நிறுத்திவிடுங்கள். இந்தக் கடிதத்தில் ஒரே ஒரு வரியைத்தான் வெளியிட இடம் இருக்கிறது என்றால் இதையே வெளியிடுங்கள் என்று கேட்டுக்கொள்வேன். ஏனென்றால் திரைக்குப் போகும் கேபிளும், வைஃபை ஆன்டெனாவின் மெல்லிய கம்பிகளும் கீலை ஒட்டியே போகின்றன. பெயர்ந்த கீலின் கை அவற்றை நசுக்கும், சில சமயம் அறுத்துவிடும். திரையின் கண்ணாடி மூலையில் முட்டி அதையும் விரிசலிடச் செய்யும். ஒரு சிறு பிளாஸ்டிக் குமிழோடு முடிந்திருக்க வேண்டிய செலவு அப்போது திரையின் விலையாக மாறும். வேலை நிற்கக் கூடாது என்றால் மூடியைப் பாதி திறந்த நிலையிலேயே விட்டு, வெளியே ஒரு திரையை இணைத்து வேலை செய்யலாம்.

இன்னொரு எச்சரிக்கை. மூலை விரியாமல் நடுப்பகுதி, அதாவது டச்பேட் இருக்கும் இடம், மேலெழும்பியிருந்தால் அது கீல் அல்ல, பேட்டரி உப்பியிருக்கலாம். உப்பிய பேட்டரியை அழுத்தவோ நெம்பவோ குத்தவோ கூடாது. சார்ஜரைக் கழற்றிவிட்டு நேரே கடைக்கு எடுத்துப் போங்கள். அதில் வீட்டு வைத்தியத்துக்கு இடமே இல்லை.

வீட்டிலா கடையிலா என்று கேட்பவர்களுக்கு நான் சொல்லும் பதில், எந்தப் பக்கம் பெயர்ந்திருக்கிறது என்று முதலில் பார் என்பதுதான். தொழிலில் இருப்பவர்கள் மடிக்கணினியின் உடலை நான்காகப் பிரித்துச் சொல்வார்கள். திரையின் பின்மூடி ஏ பேனல். திரையைச் சுற்றியுள்ள சட்டம் பி பேனல். விசைப்பலகை இருக்கும் மேற்சட்டம் சி பேனல். அடிமூடி டி பேனல். பெயர்ந்தது சி பேனலில் என்றால், பொறுமையுள்ள யாரும் வீட்டிலேயே சரிசெய்யலாம் என்பது என் உறுதியான கருத்து. ஏ பேனலில் என்றால் கடைக்குப் போவதே நல்லது. திரையைக் கழற்றாமல் அங்கே எதுவும் செய்ய முடியாது. இன்றைய மெல்லிய திரைகள் பசைப் பட்டைகளால் ஒட்டப்பட்டிருக்கின்றன. எடுக்கும்போது சற்று வளைந்தாலும் போய்விடும். தொடுதிரை என்றால் மூடி முழுவதையும் ஒன்றாக மாற்ற வேண்டிய மாடல்களும் உண்டு. முழுவதும் பின்பக்கம் மடங்கும் வகை மடிக்கணினிகளையும், அலுமினிய உடல் கொண்டவற்றையும் கூட வீட்டில் தொட வேண்டாம் என்றே சொல்வேன். உலோகத்தில் மரை போனால் பசையை நம்ப முடியாது.

சி பேனல் வேலையை விரிவாகவே எழுதுகிறேன், ஏனென்றால் இதைப் பற்றி அரைகுறையாகப் பேசப்படுவதே அதிகம். பெரிய நிறுவனங்கள் பலவும் தங்கள் மாடல்களின் பழுதுபார்ப்புக் கையேட்டை இணையத்தில் இலவசமாகவே வைத்திருக்கின்றன. டெல், லெனோவா, ஹெச்பி மூன்றுமே வைத்திருக்கின்றன. எந்தத் திருகு எங்கே, எந்த நீளம், எந்த கேபிளை எப்படிக் கழற்றுவது என்று படத்தோடு இருக்கும். அதைப் படிக்காமல் திருப்புளியைக் கையில் எடுக்கக் கூடாது. மடிக்கணினியை உறங்கவிடாமல் முழுதாக அணைத்து, சார்ஜரைக் கழற்றி, அடிமூடியின் திருகுகளை எடுக்க வேண்டும். ரப்பர் பாதங்களின் அடியிலும் திருகுகள் ஒளிந்திருக்கும். மூடி வரவில்லை என்றால் எங்கோ ஒரு திருகு மிச்சமிருக்கிறது என்று பொருள், நெம்பக் கூடாது. மூடியைப் பிரிக்கப் பிளாஸ்டிக் பட்டை ஒன்று போதும், இரும்புத் திருப்புளி வேண்டாம். உள்ளே போனதும் முதல் வேலை, பேட்டரியின் இணைப்பைக் கழற்றுவது. அதற்குப் பிறகுதான் மற்றவை.

திருகுகளைப் பற்றி ஒரு வார்த்தை. அவை எல்லாம் ஒரே மாதிரி தோன்றும், நீளம் வேறுபடும். குட்டைத் திருகின் துளையில் நீளமானதைப் போட்டு இறுக்கினால் அது மறுபக்கம் கிழித்துக்கொண்டு போகும், அல்லது மின்பலகையைக் குத்தும். நான் ஒரு தாளில் மடிக்கணினியின் வெளிக்கோட்டை வரைந்து, ஒவ்வொரு திருகையும் அது இருந்த இடத்திலேயே தாளின் மேல் ஒட்டி வைப்பேன். வரைபட ஆசிரியையின் பழக்கம் என்று தங்கை மகள் சிரித்தாள்; அவளே இப்போது அப்படித்தான் செய்கிறாள். தட்டையான ரிப்பன் கேபிள்களின் இணைப்பில் ஒரு சிறு தாழ்ப்பாள் இருக்கும். அதைத் தூக்கிவிட்ட பிறகே கேபிளை இழுக்க வேண்டும்.

கீலை வெளியே எடுத்ததும், பசையைத் தொடுவதற்கு முன், அதன் தண்டின் நுனியைப் பாருங்கள். நட்டு இருந்தால் சிறிய ஸ்பானரால் இடப்பக்கமாக எட்டில் ஒரு பங்கு சுற்று, அதிகம் போனால் கால் சுற்று தளர்த்துங்கள். கையால் திருப்பிப் பார்த்துவிட்டு, இன்னும் வேண்டுமென்றால் இன்னும் கொஞ்சம். இரண்டு கீல்களையும் ஒரே அளவுக்குத் தளர்த்த வேண்டும். ஒன்று இறுக்கமாகவும் ஒன்று தளர்வாகவும் இருந்தால் மூடி முறுக்கிக்கொண்டு திறக்கும். பாரமெல்லாம் இறுக்கமான பக்கம் போகும். மேசையில் வைத்த மடிக்கணினியின் மூடியை ஒரு கையால் திறக்கும்போது கீழ்ப்பகுதி கூடவே எழும்பக் கூடாது. திறந்த மூடி தானாகச் சரியவும் கூடாது. இந்த இரண்டுக்கும் நடுவில் இருப்பதே சரியான இறுக்கம். நட்டு இல்லாத சுருட்டுப் பட்டைக் கீலாக இருந்து அது இறுகிவிட்டிருந்தால், இடது வலது இரண்டையும் சேர்த்தே புதிதாக மாற்ற வேண்டும். எண்ணெய் விட்டால் போதும் என்று சிலர் சொல்கிறார்கள். வேண்டாம். உராய்வு போய்த் திரை நிற்காது என்பது ஒரு பக்கம். வழிந்த எண்ணெய் விரிசல் விட்ட பிளாஸ்டிக்கில் இறங்கினால் விரிசல் இன்னும் பரவக்கூடும்.

அதன் பிறகு பசை. சில நொடியில் பிடிக்கும் சூப்பர் க்ளூ இதற்கு ஏற்றதல்ல. அது கண்ணாடி போல விறைத்து நிற்கும், அதிர்வைத் தாங்காது. அதன் ஆவி பக்கத்துப் பரப்புகளில் வெள்ளையாகப் படியும். இரண்டு டியூப்பிலிருந்து எடுத்துக் கலக்கும் எபாக்சி பசையே வேண்டும். அதிலும் ஐந்து நிமிடத்தில் இறுகும் வகையை விட, நிதானமாக இறுகும் வகையே வலுவானது. கீலுக்கு அருகில் வெப்பக் காற்று வெளியேறும் மாடல்களில் சாதாரண எபாக்சி சூட்டில் இளகக்கூடும். வெப்பத்தைத் தாங்கும் என்று குறிப்பிட்ட, உலோகத் தூள் கலந்த எபாக்சி அங்கே நல்லது. ஒட்டும் இடத்தை உப்புத்தாளால் தேய்த்துச் சொரசொரப்பாக்கி, ஐசோபுரோப்பைல் ஆல்கஹாலால் துடைக்க வேண்டும். வழவழப்பான, கிரீஸ் படிந்த பிளாஸ்டிக்கில் எந்தப் பசையும் நிற்காது. தோற்றுப்போன ஒட்டுவேலைகளில் நான் பார்த்தவை அநேகமாக இந்த ஒரு படியைத் தாண்டிப் போனவைதான்.

பித்தளை உருளைகளைக் கீலின் கையிலேயே திருகுகளால் மாட்டி, திருகின் மரையில் மெழுகோ துளி கிரீஸோ தடவி, அப்படியே பழைய இடத்தில் வைத்துப் பசையிட்டால் எல்லாம் சரியான உயரத்தில் உட்காரும். மெழுகு தடவாவிட்டால் திருகும் சேர்ந்து ஒட்டிக்கொள்ளும். பிறகு அந்தக் கீலை யாராலும் கழற்ற முடியாது. பசையை அள்ளிக் கொட்டாதீர்கள். அது விசைப்பலகைக்குள்ளும் விசிறிக்குள்ளும் வழியும். உருளையைச் சுற்றி மட்டுமல்லாமல் குமிழின் அடி வரை பரவலாக நிரம்ப வேண்டும். இடம் இருந்தால் மெல்லிய அலுமினியத் தகட்டை வெட்டிப் பசைக்குள் பதித்துவிட்டால் பாரம் பரவி இறங்கும். பிறகு ஒரு முழு நாள் தொடக் கூடாது. மேலே தொட்டால் காய்ந்தது போலத்தான் இருக்கும். உள்ளே வலுவேற நேரம் வேண்டும்.

பிளாஸ்டிக்கே தூளாகிப் போயிருந்தால் பசை எதைப் பிடிக்கும்? அப்போது துளையிட்டு, வெளியிலிருந்து தட்டைத் தலைத் திருகும் உள்ளே நட்டும் போட்டு இறுக்குவதுதான் உறுதியான வழி. திருகின் தலை வெளியே தெரியும். தெரியட்டும். அழகு போய்விட்டது என்பதற்காக நன்றாக ஓடும் இயந்திரத்தைத் தூக்கி எறிவதை என்னால் ஏற்க முடியாது.

இதையெல்லாம் படித்து "இது நமக்கு ஆகாது" என்று தோன்றினால் அதில் வெட்கப்பட ஒன்றுமே இல்லை. பிழைப்பே அந்த இயந்திரத்தில்தான் என்பவர்கள், கை நடுங்கும் முதியவர்கள், ஒரு முழு நாள் காத்திருக்க முடியாதவர்கள் கடைக்குத்தான் போக வேண்டும். கட்டணம் கொடுப்பது பசைக்கோ பாகத்துக்கோ மட்டுமல்ல. பல மாடல்களில் விசைப்பலகை சி பேனலோடு பிளாஸ்டிக் முளைகளால் உருக்கிப் பிணைக்கப்பட்டிருக்கும். அந்தப் பேனலை மாற்றுவதென்றால் மின்பலகை, விசிறி, பேட்டரி, ஒலிபெருக்கி எல்லாவற்றையும் கழற்றி மறுபடி பூட்ட வேண்டும். அந்த உழைப்புக்குரிய கூலியைப் பேரம் பேசிக் குறைக்கக் கூடாது என்று நினைப்பவள் நான்.

ஆனால் கூலி கொடுப்பவருக்குச் சில கேள்விகளைக் கேட்க உரிமை உண்டு. ஒட்டப் போகிறீர்களா, பேனலை மாற்றப் போகிறீர்களா? இந்த இரண்டுக்கும் கட்டணம் பல மடங்கு வேறுபடும். "கீல் வேலை" என்று ஒரே சொல்லில் முடித்துவிட்டால் எதற்குப் பணம் கொடுத்தோம் என்பதே தெரியாது. மாற்றுவதாக இருந்தால் புதியதா, வேறொரு மடிக்கணினியிலிருந்து எடுத்ததா? எடுத்ததாக இருப்பதில் தவறில்லை. ஆனால் அதன் குமிழ்களும் அதே வயதானவை என்பதை நாம் அறிந்திருக்க வேண்டும். கழற்றிய பழைய பாகத்தைத் திருப்பித் தருவீர்களா? எத்தனை மாதம் பொறுப்பு ஏற்பீர்கள்? எல்லாவற்றுக்கும் மேலாக, கீலின் இறுக்கத்தைச் சரிபார்த்துத் தருவீர்களா? கடைசிக் கேள்விக்கு அவர் சொல்லும் பதிலிலேயே அவருடைய தொழில் அறிவு தெரிந்துவிடும். ஏ பேனல் உடைந்த ஒரு மடிக்கணினியை ஒருவரிடம் கொண்டுபோனபோது, நான் வாயைத் திறக்கும் முன்பே அவர் கீலை விரலால் திருப்பிப் பார்த்து, "முதலில் இதைத் தளர்த்த வேண்டும் அம்மா, இல்லாவிட்டால் நான் மாட்டும் மூடியும் நிற்காது" என்றார். அவரிடம் பேரம் பேசவே மனம் வரவில்லை. கீல் வேலைக்குக் கடவுச்சொல் தேவையில்லை என்பதையும் வாசகர்கள் நினைவில் கொள்ள வேண்டும். திரை ஒளிர்கிறதா, மூடியை அசைத்தால் படம் அலைகிறதா என்று நீங்கள் எதிரில் நின்றே பார்த்து வாங்கிக்கொள்ளலாம்.

பிரிக்காமலேயே "பாடி முழுவதும் மாற்ற வேண்டும்" என்று சொல்பவரிடம் மட்டும் இயந்திரத்தைக் கொடுத்துவிட்டு வர வேண்டாம். என் தங்கை மகளுக்கு ஓரிடத்தில் கிடைத்தது இந்தப் பதில்தான். அடிமூடியைக்கூடக் கழற்றவில்லை. "அத்தனை செலவுக்குப் புதிதாகவே வாங்கிவிடலாமே, பெரியம்மா" என்று அவள் சோர்ந்து வந்தாள். உள்ளே பெயர்ந்திருந்தவை இடப்பக்கத்தின் இரண்டு குமிழ்கள் மட்டுமே.

உற்பத்தியாளர்களைப் பற்றியும் சொல்லாமல் இருக்க முடியவில்லை. உத்தரவாதக் காலத்துக்குள்ளேயே கீல் பெயர்ந்தாலும் "வெளிப்புறச் சேதம்" என்று எழுதி வாடிக்கையாளரைத் திருப்பி அனுப்பும் வழக்கம் இருக்கிறது. கீழே விழுந்த தடயம் இல்லை, மூலையில் நசுங்கல் இல்லை, வெறுமனே திறந்து மூடியதில் பெயர்ந்தது என்றால் அது எப்படிப் பயன்படுத்துபவரின் குற்றமாகும்? திறந்து மூடுவதற்காகவே செய்யப்பட்ட பொருள் அது. எந்த இடத்தில் விசை குவியும் என்பது வரைபடம் தீட்டும்போதே தெரியும். குமிழின் அடியில் கூர்மூலைக்குப் பதில் வளைவு கொடுப்பதும், கீலின் கையைச் சில மில்லிமீட்டர் நீட்டித் திருகுகளைப் பரப்புவதும், பிளாஸ்டிக்குக்குப் பின்னால் ஓர் உலோகத் தகடு வைப்பதும் முதலாண்டு மாணவருக்கும் தெரிந்த தீர்வுகள். கூடுதல் எடையும் செலவும் மிகச் சொற்பம். அதைச் செய்யாமல் மெல்லியது, இலேசானது என்று விளம்பரம் செய்துவிட்டு, பெயர்ந்ததும் பழியை நம் விரல்களின் மேல் போடுவது நேர்மையல்ல.

முடியாத காரியம் என்றும் சொல்ல முடியாது. ஃப்ரேம்வொர்க் என்ற நிறுவனம் 2021-இல் வெளியிட்ட மடிக்கணினிக்குக் கீல்களையும் தனி உதிரிப் பாகமாகவே விற்கிறது. எவ்வளவு இறுக்கம் வேண்டும் என்பதைக்கூட வாங்குபவரே தேர்ந்தெடுக்கலாம். பிரான்சு நாட்டில் 2021 ஜனவரி முதல் மடிக்கணினி உள்ளிட்ட சில பொருள்களை, எவ்வளவு எளிதாகப் பழுதுபார்க்கலாம் என்பதற்குப் பத்துக்கு எத்தனை மதிப்பெண் என்று குறிப்பிட்டே விற்க வேண்டும். பிரிப்பது எளிதா, உதிரிப் பாகம் கிடைக்கிறதா, அதன் விலை என்ன, கையேடு கொடுத்திருக்கிறார்களா என்பதெல்லாம் அந்த மதிப்பெண்ணில் சேரும். கடை அலமாரியின் முன்னால் நிற்கும்போதே ஒருவர் இதைத் தெரிந்துகொள்வது எவ்வளவு பெரிய பலம்!

2022-ஆம் ஆண்டில் மட்டும் உலகம் முழுவதும் 6.2 கோடி டன் மின்னணுக் கழிவு சேர்ந்ததாக ஐக்கிய நாடுகள் அமைப்புகள் 2024-இல் வெளியிட்ட அறிக்கை சொல்கிறது. முறையாகச் சேகரித்து மறுசுழற்சி செய்யப்பட்டதாகப் பதிவானது அதில் 22.3 சதவீதமே. அந்தக் குவியலில் மின்பலகையும் திரையும் நினைவகமும் நன்றாக இருந்தும், பித்தளை உருளை பெயர்ந்த ஒரே காரணத்துக்காகப் போய்ச் சேர்ந்த மடிக்கணினிகளும் இருக்கும் என்று நினைத்தாலே எனக்கு ஆற்றாமையாக இருக்கிறது.

உடையாத மடிக்கணினி வைத்திருப்பவர்கள் இன்றே செய்யக்கூடியதையும் சொல்லிவிடுகிறேன். மூடியை மூலையில் பிடிக்காமல் மேல் விளிம்பின் நடுவில் பிடித்துத் திறங்கள். திறந்திருக்கும் திரையைப் பிடித்து இயந்திரத்தைத் தூக்காதீர்கள். முன்பை விட இறுக்கமாகத் திறக்கிறது என்று தோன்றினால், எதுவும் பெயரும் முன்பே அடிமூடியைக் கழற்றி நட்டைத் தளர்த்திவிடலாம். கடையில் கொடுத்தாலும் அது சிறிய வேலைதான்.

உங்களிடமும் ஒரு வேண்டுகோள், ஆசிரியர் அவர்களே. உங்கள் தொழில்நுட்பப் பக்கத்தில் புதிய மடிக்கணினிகளை அறிமுகப்படுத்தும்போது செயலியின் வேகத்தையும் திரையின் துல்லியத்தையும் விரிவாக எழுதுகிறீர்கள். அடுத்த முறை முதல், கீலின் கை உலோகத்தில் பூட்டப்பட்டிருக்கிறதா, பிளாஸ்டிக் குமிழிலா என்பதையும், சி பேனலும் கீலும் தனி உதிரிப் பாகமாகக் கிடைக்கின்றனவா என்பதையும் நிறுவனத்திடம் கேட்டு இரண்டு வரி சேர்த்து வெளியிடுங்கள். பதில் சொல்ல மறுத்தால், மறுத்தார்கள் என்பதையே வெளியிடுங்கள்.

இப்படிக்கு,
தங்கள் நெடுநாள் வாசகி,
ஓய்வு பெற்ற பொறிவரைபட ஆசிரியை